பாய்மரம் இறங்கிய பிறகு

பாய்மரத்தைக் கழற்றி இறக்கிய மறுநாள் காலை, படகில் ஏற வழக்கம்போல விளிம்பில் வலது காலை வைத்தேன். பதினொரு வருஷமாக அதே கால், அதே இடம். ஆனால் படகு வேறு மாதிரி அசைந்தது. முன்பெல்லாம் என் எடையை வாங்கிக்கொண்டு, ஒரு கணம் தாமதித்து, மெதுவாகச் சாய்ந்து மெதுவாக நிமிரும். அன்று சட்டென்று சாய்ந்தது. சட்டென்று வெட்டி நிமிர்ந்தது. முழங்கால் தடுமாறி, பிடிமானத்துக்குக் கையை நீட்டினேன். எப்போதும் பிடிக்கும் கம்பிக் கயிறு அங்கே இல்லை. பாய்மரத்தோடு அதுவும் போயிருந்தது.

அந்த வெட்டு அசைவின் காரணத்தைத் தேடிப் போனதுதான் பாய்ப்படகை என்ஜின் படகாக மாற்றிய இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய படிப்பு. என்ஜின் வைப்பதும் அறை கட்டுவதும் கைவேலை. நாள் பிடிக்கும், கற்றுக்கொள்ளலாம். ஒரு பாய்ப்படகிலிருந்து பாயை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது என்ன மாதிரிப் படகு என்ற கேள்வியை, வேலையைத் தொடங்கும் முன்பே கேட்டிருக்க வேண்டும். நான் நடுவில்தான் கேட்டேன்.

படகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீளம் 24 அடி. நீர்மட்டத்தில் அளந்தால் 20. குறுக்கே 8 அடி. படகின் விலா எலும்புகளான வங்குக்கால்களின் மேல் பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து அறைந்து, இடுக்குகளில் பஞ்சு திணித்துக் கலப்பற்றுப் போட்ட பழைய முறை மரப்படகு. முன்னாலிருந்து பின்னால்வரை ஓடும் நீண்ட ஏரா, அதாவது அடிமரம். அதன் அடியில் 700 கிலோ இரும்பு அடிபாரம். மொத்தம் இரண்டரை டன். திறந்த பின்தளத்தில் உட்கார்ந்து சுக்கான் தடியைக் கையில் பிடித்து ஓட்டுவது. நானும் அண்ணனும் பாதிப் பாதி போட்டு வாங்கினோம். அவன் ஆஞ்சான் கயிற்றை இழுத்துப் பாயை ஏற்றுவான். நான் தடியைப் பிடிப்பேன். அதுதான் ஏற்பாடு.

போன ஆண்டுக்கு முந்தைய ஆண்டு அவனுடைய வலது தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. கை தோளுக்கு மேலே போகாது என்று ஆகிவிட்டது. காற்று பிடித்த பாயை அடக்கும் தாமான் கயிற்றை இழுத்துக் கட்டுவது இனி நடக்காது. ஒருநாள் கரையில் நின்றுகொண்டு, படகைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னான்: "வித்துடலாம்டா. நல்லா வச்சிக்கிற யாராச்சும் கெடைப்பாங்க."

"உன்னால சக்கரத்தத் திருப்ப முடியும்ல?" என்று கேட்டேன்.

"அது முடியும். இடுப்பு ஒசரத்துக்குக் கை நல்லாத்தான் இருக்கு."

"அப்ப விக்க வேணாம்ணே. எனக்கு ஒரு வருஷம் குடு."

அப்படித்தான் தொடங்கியது. பாயை எடுத்துவிட்டு டீசல் என்ஜின் வைப்பது; வெயிலும் மழையும் அலைத்தெறிப்பும் படாமல் நின்று ஓட்ட ஒரு சுக்கான் அறை கட்டுவது. வீல்ஹவுஸ் என்றால் எல்லோருக்கும் புரியும்.

முதலில் மரத்தைப் பார்க்க வேண்டும். அழுகிய உடலில் என்ஜினை ஏற்றினால், அதன் அதிர்வே ஆணிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திவிடும். எனக்கு உதவ வந்த ஓடாவி (படகு கட்டும் தச்சர்) எழுபதைத் தாண்டியவர். ஒரு சின்னச் சுத்தியலும் ஒரு குத்தூசியும் மட்டும் கொண்டுவந்தார். தட்டும்போது நல்ல மரம் கணீரென்று சொல்லும். கெட்ட மரம் மொத்தென்று சொல்லும். மொத்தென்ற இடத்தில் ஊசியைக் குத்திப் பார்ப்பார்.

கடல்நீர்தான் மரத்தை அழுக வைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உப்பு ஊறிய மரத்தில் அழுகல் பூஞ்சை எளிதில் வளராது. படகைக் கொல்வது மழைநீர். மேல்தளத்தின் இடுக்குகளில் இறங்கி, காற்றோட்டம் இல்லாத மூலைகளில் தங்கும் நல்ல தண்ணீர். எங்கள் படகிலும் கெட்டுப்போயிருந்த இடங்கள் இரண்டும் அந்த வகைதான். பாய்மரம் தளத்தைத் துளைத்து இறங்கும் வளையத்தைச் சுற்றியுள்ள குறுக்குச் சட்டம் ஒன்று. பாய்மரத்தின் அடி உட்காரும் கட்டை மற்றொன்று. அந்தக் கட்டையில் ஊசி கைப்பிடிவரை இறங்கியது.

அதைவிட எனக்குப் புதிதாக இருந்தது இன்னொரு கேடு. படகின் உலோகப் பாகங்களையெல்லாம் கம்பியால் இணைத்து, துருவைத் தடுக்கத் தேவைக்கு மேல் துத்தநாகக் கட்டிகளை முன்பு யாரோ மாட்டியிருந்தார்கள். துத்தநாகம் அதிகமானால், காப்பாற்றப்படும் உலோகத்தைச் சுற்றிக் காரம் உண்டாகும். அந்தக் காரம் மரநாரைப் பிணைத்திருக்கும் பொருளைக் கரைத்துவிடும். உலோகம் பளபளவென்று இருக்கும். அதைப் பிடித்திருக்கும் மரம் ஈரப் பஞ்சாகிவிடும். சுக்கானின் அடிக்கீலைச் சுற்றி மரம் வெள்ளை பூத்து, நகத்தால் கீறினால் நார் நாராக வந்தது. உலோகத்தைக் காக்கும் ஆசையில் மரத்தைத் தின்னக் கொடுத்திருந்தார்கள். மரப்படகு வைத்திருக்கும் எவரும் இதை ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து என்ஜின். எவ்வளவு குதிரைசக்தி வேண்டும் என்பதில்தான் ஆசை கண்ணை மறைக்கும். 40, 50 என்று வைத்தால் பறக்கும் என்று தோன்றும். பாய்ப்படகின் உடல் பறக்காது. அது தண்ணீரை விலக்கிக்கொண்டு போகும் உடல். போகும்போது தானே ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலையின் நீளமும் கூடுகிறது. ஒரு முகடு படகின் முன்முனையான அணியத்திலும் அடுத்த முகடு பின்தலையிலும் வந்து நிற்கும்போது, படகு தான் வெட்டிய பள்ளத்திலேயே உட்கார்ந்துவிடுகிறது. அதற்குமேல் தள்ளினால் பின்பக்கம் அமுங்கும், மூக்கு தூக்கும், டீசல் கரையும், வேகம் கூடாது. 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் மாதிரிப் படகுகளை நீர்த்தொட்டியில் இழுத்துப் பார்த்து இந்த அலைக்கணக்கை ஒழுங்கு செய்தார். படகுக்காரர்கள் இன்று பயன்படுத்தும் சுருக்கக் கணக்கு இது: நீர்மட்ட நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் வேகம் நாட் (மணிக்கு ஒரு கடல்மைல்) கணக்கில் வரும். எங்கள் 20 அடிக்கு 6 நாட். அவ்வளவுதான் அதன் எல்லை.

அந்த 6 நாட்டுக்கு, டன்னுக்கு 4 குதிரைசக்தி தாராளம். இரண்டரை டன்னுக்குப் பத்து. எதிர்காற்றிலும் எதிர்நீரோட்டத்திலும் கைவசம் கொஞ்சம் இருக்கட்டும் என்று 14 குதிரைசக்தி, இரண்டு சிலிண்டர் டீசல் எடுத்தோம். அண்ணனுக்கு இது குறைச்சலாகப் பட்டது. கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டிய பிறகும் இரண்டு நாள் முகம் சுளித்தபடியே இருந்தான்.

இந்த இடத்தில் ஸ்காட்லாந்தின் ஹெர்ரிங் மீன்பிடிப் பாய்ப்படகுகளின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அங்கே இரண்டு பேர்போன வகைகள் இருந்தன. ஃபைஃபி என்பதற்குப் பின்தலை மரம் ஏறக்குறைய நேர்க்குத்தாக நிற்கும். 1879இலிருந்து கட்டப்பட்ட ஸூலு என்பதற்கு அந்தப் பின்மரம் நன்றாகச் சரிந்து இருக்கும்; பாயில் அது அருமையான ஓட்டக்காரி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வந்ததும் இரண்டையும் மாற்றத் தொடங்கினார்கள். நேர்க்குத்தான பின்மரத்தில், என்ஜினையும் புரொப்பல்லரையும் இணைக்கும் ஷாஃப்டுக்குத் துளையிட்டுப் புரொப்பல்லருக்கு இடம் வெட்டுவது சுலபம். சரிந்த பின்மரத்தில் அது பெரும்பாடு. பாய்க்கு அழகாக இருந்த சரிவே மோட்டாருக்கு முட்டுக்கட்டையாகிவிட்டது. 1902இல் கட்டப்பட்ட 'ரீப்பர்' என்ற ஃபைஃபி, பின்னாளில் மறுபடியும் பாய் ஏற்றப்பட்டு இன்றும் ஸ்காட்லாந்து மீன்பிடி அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறது. உங்கள் படகை மாற்ற நினைத்தால், எல்லாவற்றுக்கும் முதலில் படகின் பின்பக்கம் போய் நின்று அந்தப் பின்மரத்தைப் பாருங்கள். எங்களுடையது ஏறக்குறைய நேர். எங்கள் அதிர்ஷ்டம்.

ஷாஃப்ட் துளை போட்ட நாள் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. என்ஜின் உட்காரப்போகும் இடத்திலிருந்து பின்னால் வெளியேவரை ஒரு மெல்லிய எஃகுக் கம்பியை இழுத்துக் கட்டி, அதுதான் ஷாஃப்டின் பாதை என்று முதலில் குறித்தோம். பின்மரமும் அதற்கு முன்னால் அடுக்கிய கட்டைகளும் சேர்ந்து முக்கால் மீட்டர் கனம். நடுவில் எங்கே எந்தப் போல்ட் குறுக்கே ஓடுகிறது என்பது வெளியே தெரியாது. ஓடாவி முதலில் சின்னத் துளை ஒன்றை இட்டார். நான் பின்னால் நின்று கம்பிக் கோட்டோடு ஒப்பிட்டு, "கொஞ்சம் மேல... இப்ப சரி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். துரப்பணத்திலிருந்து சுருள் சுருளாக வந்த சீவல் முதலில் கறுப்பு, அப்புறம் பழுப்பு, உள்ளே போகப்போக வெட்டிய அன்று இருந்ததுபோலச் சிவப்பு. மரத்தின் வாசனை அறுபது வருஷத்துக்குப் பிறகு வெளியே வந்தது. ஓடாவி ஒரு சுருளை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, பேசாமல் என் உள்ளங்கையில் வைத்தார். துரப்பண முனை வெளியே வந்தபோது குறியிலிருந்து 4 மில்லிமீட்டர் விலகியிருந்தது. அதைப் பிறகு, துளையைப் பெரிதாக்கும் கடைசல் தண்டைப் பிடித்து நேர்செய்தோம்.

பாய்ப்படகில் துணைக்கு வைக்கும் சின்ன என்ஜினுக்கு இரண்டு இதழ்ப் புரொப்பல்லர் போதும். பாயில் போகும்போது அது இழுக்கக் கூடாது என்பதுதான் அங்கே கவலை. இனிமேல் அந்தக் கவலை இல்லை. மூன்று இதழ், பெரிய விட்டம், மெதுவான சுழற்சி. எடையுள்ள மெதுவான படகைத் தள்ள அதுதான் சரி. கியர்பாக்ஸ் 2.6க்கு 1. என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் ஷாஃப்ட் 1,150 சுற்றும். புரொப்பல்லர் 15 அங்குல விட்டம், 10 அங்குலப் புரி (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்). வழுக்காமல் போனால் கணக்குப்படி ஒன்பதரை நாட் வர வேண்டும். தண்ணீர் வழுக்கும். இந்த மாதிரிப் படகுகளில் 40 சதவீத வழுக்கல் சாதாரணம். அதைக் கழித்தால் நம் 6 நாட்டுக்கு வந்துவிடும். இதழ் முனைக்கும் மரத்துக்கும் இடையே 2 அங்குலமாவது விட வேண்டும். நெருக்கினால் ஒவ்வோர் இதழும் கடக்கும்போது உடல் முழுக்கத் தம்பட்டம்போல் அதிரும்.

என்ஜினைத் தாங்கும் சட்டங்களைக் குட்டையாக விடாதீர்கள். எங்களுடையவை இரண்டு மீட்டர் நீளம், ஐந்து வங்குக்கால்களின் அடிக்கட்டைகளைக் கடந்து போகின்றன. அதிர்வைப் பல இடங்களுக்குப் பங்கிட்டால்தான் எந்த ஓர் இடத்திலும் மூட்டு வாய் திறக்காது.

ஷாஃப்டையும் என்ஜினையும் கரையில் வைத்து எவ்வளவு துல்லியமாகச் சேர்த்தாலும் அது பொய்க்கணக்கு. மரப்படகு கட்டைமேல் நிற்கும்போது ஒரு வடிவம். தண்ணீரில் மிதந்து, பலகை ஊறி உப்பியபின் இன்னொரு வடிவம். நாங்கள் மிதக்கவிட்டு மூன்று நாள் காத்திருந்து, மறுபடி இணைப்புத் தட்டுகளின் இடைவெளியை அளந்தோம். கரையில் முடி நுழையாமல் இருந்த இடத்தில் அடிப்பக்கம் கால் மில்லிமீட்டர் திறந்திருந்தது. 4 அங்குலத் தட்டுக்கு அனுமதி 0.1 மில்லிமீட்டர்தான். ஒரு நாள் முழுக்க என்ஜினின் கால்களைத் தூக்கியும் இறக்கியும் சரிசெய்தோம்.

அந்த வெட்டு அசைவுக்கு இப்போது வருகிறேன்.

வேலையின் தொடக்கத்தில் ஓடாவி ஒரு கேள்வி கேட்டிருந்தார். "தம்பி, எதை ஏத்தப் போறீங்கன்னு சொல்லிட்டீங்க. எதை எறக்குறீங்கன்னு எழுதி வச்சிருக்கீங்களா?" நான் ஒரு நோட்டில் ஏற்றுவதை மட்டும் எழுதியிருந்தேன். என்ஜின் 110 கிலோ, டீசல் தொட்டி நிரம்பினால் 50 கிலோ, அறைக்கான மரம், கண்ணாடி. இறக்கியதை எழுதவில்லை. பாய்மரமும் அதன் கம்பிகளும் தடியும் பாயும் சேர்ந்து 46 கிலோ. இரண்டரை டன் படகில் 46 கிலோ எம்மாத்திரம் என்று விட்டுவிட்டேன்.

பாய்மரம் இறங்கிய மறுநாள் அந்த நோட்டை மறுபடி எடுத்தேன். பாய்மரத்தின் எடைமையம் நீர்மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 5 மீட்டரில் இருந்தது. 46ஐ 5ஆல் பெருக்கினால் 230. கட்டப்போகும் அறைக்கு நான் போட்ட எடை 140 கிலோ. அதன் மையம் 1.4 மீட்டர் உயரத்தில். பெருக்கினால் 196. அதாவது அறை வந்த பிறகும் மேல்பாரம் முன்பைவிடக் கொஞ்சம் குறைவுதான். கவிழுமோ என்ற பயத்துக்கு இந்தக் கணக்கு ஆறுதல்.

ஆனால் படகு எவ்வளவு வேகமாக ஆடும் என்பது வேறு கணக்கு. அங்கே உயரத்தை ஒருமுறை பெருக்கினால் போதாது, இருமுறை பெருக்க வேண்டும். பாய்மரத்துக்கு 46 × 5 × 5 = 1,150. அறைக்கு 140 × 1.4 × 1.4 = 274. மூன்று மடங்கு எடையுள்ள அறை, பாய்மரம் செய்த வேலையில் கால்பங்கைக்கூடச் செய்யவில்லை. கயிற்றின்மேல் நடப்பவர் கையில் ஏன் நீளமான கழியைப் பிடிக்கிறார்? கழியின் எடை நுனிகளில் தூரமாக இருப்பதால் அது சட்டென்று சுழல மறுக்கிறது. பாய்மரமும் அப்படியொரு கழி. பாய் சுருட்டிக் கிடக்கும் நாளிலும் அது சும்மா நிற்கவில்லை. ஒவ்வோர் அலைக்கும் படகை "பொறு" என்று பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தது.

இது வெறும் சௌகரியப் பிரச்சினையும் இல்லை. 1979இல் ஃபாஸ்ட்நெட் பாய்ப்படகுப் போட்டியில் புயல் அடித்து 15 வீரர்கள் இறந்தார்கள். அதன்பின் நடந்த ஆராய்ச்சிகளில், உடைந்து விழும் அலை பக்கவாட்டில் அடிக்கும்போது பாய்மரம் போன படகு, பாய்மரம் உள்ள படகைவிட எளிதாகப் புரண்டுவிடுகிறது என்று தெரியவந்தது. மேலே பாரம் குறைந்தால் நல்லதுதானே என்று நினைக்கும் மனசுக்கு இது நம்பக் கடினம். நானும் ஒரு வாரம் நம்பாமல்தான் இருந்தேன்.

அளந்து பார்க்க ஒரு எளிய வழி உண்டு. அசையாத தண்ணீரில், கட்டுக்கயிறுகளைத் தளர்த்திவிட்டு, விளிம்பைத் தாளம் தப்பாமல் அழுத்தி அழுத்திப் படகை ஆடவிட வேண்டும். கையை எடுத்துவிட்டு, பத்து முழு ஆட்டத்துக்கு எத்தனை வினாடி என்று எண்ண வேண்டும். பாய்மரத்தோடு 32 வினாடி இருந்ததை, வேறு காரணத்துக்காக, பழைய நோட்டில் எப்போதோ குறித்திருந்தேன். பாய்மரம் இல்லாமல் 24. இந்த எண்ணைப் பார்த்ததும் படகு சொன்னது எனக்குப் புரிந்துவிட்டது. அறையைக் கட்டத் தொடங்கும் முன்பே, குட்டையாகவாவது ஒரு பாய்மரம் திரும்பி வர வேண்டும் என்று முடிவு செய்தோம். பழைய பாய்மரத்தை விறகுக்குப் போடாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

அடிபாரத்தைக் குறைத்தால் ஆட்டம் மென்மையாகும் என்று ஒருவர் யோசனை சொன்னார். அது உண்மைதான், படகு நிமிரும் அவசரம் குறையும். ஆனால் புரண்ட படகு நிமிர்வதும் அந்த இரும்பால்தான். 700 கிலோவில் ஒரு கிலோவையும் நான் தொடவில்லை.

அறைக்கு வருவோம். இதற்குத்தான் நான் அதிக நாள் செலவழித்தேன். செலவழித்ததில் ஒரு நாளும் வீண் இல்லை. வரைபடத்தில் அழகாகத் தெரிந்த அறை, மெல்லிய ரீப்பர் கட்டைகளிலும் அட்டையிலும் நிஜ அளவில் கட்டி நிறுத்தியபோது படகின் முதுகில் குளியலறையை வைத்தது போல இருந்தது. அண்ணன் கரையில் தூரப் போய் நின்று பார்த்துவிட்டுத் தலையசைத்தான். அட்டையை நான்கு விரல் அளவு அறுத்தோம். மறுபடி பார்த்தான். இன்னும் மூன்று விரல். ஒரு வாரம் இப்படியே போனது. அட்டையை அறுப்பது சுலபம், அதனால்தான் அட்டை.

உயரம்தான் எல்லாப் பிரச்சினைக்கும் ஊற்று. உள்ளே நிமிர்ந்து நிற்க 185 சென்டிமீட்டர் வேண்டும். பழைய பின்தளம் நீர்மட்டத்துக்கு 25 சென்டிமீட்டர் மேலே இருந்தது. அதன்மேல் அப்படியே கட்டினால் கூரை 210க்குப் போகும்; காற்றைப் பிடிக்கும் சுவராகிவிடும். தளத்தை 30 சென்டிமீட்டர் இறக்கினால் கூரை 180க்கு வந்துவிடும். ஆனால் தளம் நீர்மட்டத்துக்குக் கீழே 5 சென்டிமீட்டருக்குப் போய்விடும். பழைய தளத்தில் அலை விழுந்தால் இரண்டு குழாய் வழியாகத் தானே வெளியே வழிந்துவிடும். புதிய தளத்திலிருந்து வெளியே போகாது, அதே குழாய் வழியாகக் கடல் உள்ளே வரும்.

இரண்டில் எதை விடுவது என்று நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் தளத்தை இறக்கினோம். குழாய் ஓட்டைகளை மரமுளை அடித்து, பசை வைத்து, வெளிப்பக்கம் பலகை ஒட்டு போட்டு நிரந்தரமாக மூடினோம். அறையின் பின்கதவுக்கு 25 சென்டிமீட்டர் உயர வாசற்படி வைத்தோம், தண்ணீர் தாண்டி வராதபடி. மின்சாரப் பம்ப் ஒன்று, கைப்பம்ப் ஒன்று. இறக்கிய தளத்தின்மேல் என்ஜினின் தலை துருத்திக்கொண்டு நின்றது. அதன்மேல் சத்தம் அடக்கும் பெட்டி செய்தோம். அதுவே இப்போது அண்ணனின் இருக்கை. தளத்தை இறக்குவது சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் திறந்த பின்தளமாகவே விட்டுவிடுகிறவர் இதைச் செய்யக் கூடாது. கதவு மூடும் அறை இருந்தால் மட்டுமே.

சுவர்களுக்கு 9 மில்லிமீட்டர் மரைன் ப்ளைவுட், கூரைக்கு 6 மில்லிமீட்டர் இரண்டு அடுக்கு, வளைத்து ஒட்டியது. கனமான தேக்குப் பலகையில் கட்டினால் கண்ணுக்கு இன்னும் நன்றாக இருக்கும்; ஆனால் மேலே எடை கூடிவிடும். ஒவ்வொரு துண்டையும் பொருத்தும் முன் எடைபோட்டு நோட்டில் எழுதினேன். சுவர்களை மேல்தளத்துப் பலகையில் மட்டும் திருகிவிட்டால் ஒரு பெரிய அலை அறையை அப்படியே வழித்துக்கொண்டு போய்விடும். தளத்துக்கு அடியில் குறுக்குச் சட்டங்களை நீளவாக்கில் இணைக்கும் கட்டைகள் போட்டு, நான்கு மூலைத் தூண்களையும் அவற்றோடு போல்ட் போட்டுப் பூட்டினோம்.

கண்ணாடி 6 மில்லிமீட்டர் கடினமாக்கிய பாதுகாப்புக் கண்ணாடி. பாலிகார்பனேட் உடையாது, எடையும் பாதி; ஆனால் உப்பு காய்ந்த கண்ணாடியில் வைப்பர் நாலு முறை ஓடினால் கீறிவிடும். முன்கண்ணாடிகளின் மேல்விளிம்பு முன்னால் தள்ளியிருக்கும்படி சாய்த்தோம். பழைய மீன்பிடிப் படகுகளில் பார்த்திருப்பீர்கள். அப்படிச் சாய்த்தால் இரவில் உள்ளே எரியும் திசைகாட்டி விளக்கின் பிம்பம் கண்ணுக்கு நேரே விழாது. மழைநீரும் கண்ணாடியில் தங்காது. பார்வைக்கு மட்டும் ஒரு பழைய அழகு வந்து சேர்ந்தது எதிர்பாராத லாபம்.

புகைப்போக்கி, குளிர்நீர், டீசல் பற்றி எழுதினால் தனிக்கட்டுரை ஆகிவிடும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். என்ஜின் நீர்மட்டத்துக்கு அருகில் அல்லது கீழே உட்கார்ந்திருந்தால், குளிர்நீர்க் குழாயை நீர்மட்டத்துக்கு மேலே 30 சென்டிமீட்டராவது ஏற்றி வளைத்து, உச்சியில் காற்று நுழையும் வால்வு வையுங்கள். இல்லாவிட்டால் என்ஜினை நிறுத்திய பிறகும் கடல்நீர் தானாக உறிஞ்சிக்கொண்டு வந்து சிலிண்டரை நிரப்பிவிடும். மூடிய அறை என்பதால் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கட்டாயம்.

சக்கரத்திலிருந்து சுக்கானுக்குக் கம்பியும் கப்பியும். பழைய சுக்கான் தடியைக் கூரையின் உள்பக்கம் இரண்டு கொக்கியில் மாட்டி வைத்திருக்கிறோம். கம்பி அறுந்தால் ஒரு நிமிடத்தில் எடுத்துப் பொருத்தலாம். நான் கை வைத்து வைத்துப் பள்ளம் விழுந்த இடம் அந்தத் தடியில் அப்படியே இருக்கிறது.

பழைய பாய்மரத்தின் மேல்பகுதியிலிருந்து மூன்றரை மீட்டர் அறுத்து, அறைக்குப் பின்னால் நிறுத்தினோம். 11 கிலோ. மறுபடி அசையாத தண்ணீர், மறுபடி பத்து ஆட்டம். 27 வினாடி. 32 திரும்பி வரவில்லை. வராது என்று தெரியும். அந்தக் குட்டை மரத்தில் பழைய பாயின் ஒரு மூலையை வெட்டித் தைத்து ஏற்றினோம். இது படகை ஓட்டும் பாய் அல்ல. காற்றில் விறைப்பாக நின்று, படகு ஆடும்போது காற்றைத் தள்ளி ஆட்டத்தை அடக்கும் பாய். காற்றடித்த ஒரு மாலையில், எட்டாவது ஆட்டம்வரை ஓயாமல் ஆடிய படகு, அந்தப் பாயை ஏற்றியதும் மூன்றாவதில் அடங்கியது. ஏற்றவும் இறக்கவும் இடுப்பு உயரத்தில் ஒரு கயிறு போதும்.

முதல் முழு ஓட்டத்தின்போது பக்கவாட்டில் ஒரு மீட்டர் அலை இருந்தது. நிமிடத்துக்கு 2,500 சுற்றில் 5 நாட், மணிக்கு ஒன்றரை லிட்டர் டீசல். அண்ணன் என்ஜின் பெட்டிமேல் உட்கார்ந்து, சக்கரத்தின் கீழ்ப்பாதியைப் பிடித்திருந்தான். முதல் அரைமணி நேரம் எதுவும் பேசவில்லை. நான் வெளியே நின்று, ஷாஃப்ட் வெளியேறும் இடத்தில் சொட்டு விழுவதை எண்ணிக்கொண்டிருந்தேன். ஓடும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு விழ வேண்டும். விழாவிட்டால் ஷாஃப்டைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்கும் அடைப்புக் கயிறு சூடேறிக் கருகும். மூன்று விழுந்தது.

உள்ளே வந்தபோது அவன் முன்கண்ணாடி வழியாக அணியத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"காத்து மாறுது பாரு," என்றான். "அந்தச் சின்னப் பாயக் கொஞ்சம் இழுத்துக் கட்டணும்."

"நான் கட்டட்டுமாண்ணே?"

"நீ சக்கரத்தப் பிடி." எழுந்து, இடது கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனான். கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். இடுப்பு உயரத்தில் இருந்த கயிற்றை வலது கையால் இரண்டு இழுப்பு இழுத்து, கொக்கியில் எட்டுப் போட்டுச் சுற்றினான். பிறகு உள்ளே வராமல், அறுத்து நட்ட அந்த மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அங்கேயே நின்றான்.